என் தலைவலியும் அந்தக் கொப்பியும்

முதலில் வந்தது வலி இல்லை, வெளிச்சம். சீகிரியாக் குன்றின் பாதிப் படியில் பயணிகள் ஆறு பேருக்குச் சுவரோவியங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். வலது கண்ணோரம் ஓர் ஒளிக்கீற்று மரம் அறுக்கும் வாளின் பல் போல நெளிந்தது. வெயில் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் தலையின் ஒரு பக்கம் விண்விண் என்று தெறித்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி வாந்தி எடுத்தேன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. மாத்தளைக்காரி. சீகிரியாவில் முச்சக்கர வண்டி ஓட்டும் அந்தோனியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, சுற்றுலா வழிகாட்டி ஆனவள். குன்றில் ஏறினால்தான் எனக்கு வேலை.

மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) என்ற பெயரைக் கேள்விப்படும் முன்பே மருந்துக்கடை மாத்திரை பழகிவிட்டது. இரண்டு போட்டால் ஏறலாம். மாதத்துக்கு இரண்டு முறை வந்த வலி, மூன்றாவது வருடத்தில் கிட்டத்தட்ட தினமும் வந்தது. வந்துவிடுமோ என்ற பயத்திலேயே மாத்திரையை விழுங்கினேன். ஊரார் சொன்னதையும் விடவில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். பல்லேபொலயில் ஒருவர் காய்ச்சிக் கொடுத்த கராம்பு எண்ணெயை நெற்றியில் தடவினேன். அந்த வாசனையே குமட்டலைக் கூட்டியது.

ஒரு நாள் இரும்புப் படியில் பார்வை மங்கிச் சாய்ந்தேன். பின்னால் வந்த பயணி தோளைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். அன்றோடு வேலையை நிறுத்தி, திரை இழுத்த அறைக்குள் முடங்கினேன். எட்டு வயது மகள் வீட்டுக்குள் கிசுகிசுத்தே பேசப் பழகிக்கொண்டாள். வலியைவிட அதுதான் என்னை வாட்டியது.

மாத்தளையில் நரம்பியல் மருத்துவர் (மூளை, நரம்பு நோய்களைப் பார்ப்பவர்) ஒருவரிடம் போனோம். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. எத்தனை மாத்திரை போடுவீர்கள் என்று கேட்டார் அந்த டொக்டர் அம்மா.

“எப்பவாவதுதான், டொக்டர்.”

அந்தோனி கையிலிருந்த பையை மேசையில் கவிழ்த்தார். காலி மாத்திரை அட்டைகள். மெத்தைக்கடியிலும் அலுமாரியிலும் நான் ஒளித்தவை.

“இது ஒரு மாசத்துல சேர்ந்தது, டொக்டர்,” என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. மருத்துவர் திட்டவில்லை.

“உங்களுக்கு ஒற்றைத் தலைவலி இருக்கு, அது உண்மை. ஆனா இப்ப தினமும் வர்றது இந்த மாத்திரையாலதான். நிப்பாட்டினா முதல்ல கூடும். தாங்குவீங்களா?”

“எத்தனை நாளைக்கு?”

“ரெண்டு வாரம் ஆகலாம். நான் பாத்துக்கிறேன்.”

தடுப்பு மருந்து (வலி வராமல் காக்கத் தினமும் எடுப்பது) ஒன்றைச் சிறிய அளவில் எழுதிக் கொடுத்தார்.

மாத்திரையை நிறுத்தியதும் கூடிய வலி பதினோரு நாள் நீடித்தது. நெற்றியில் ஈரத்துணி, வாயில் இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர். ஆறாம் நாள், ஒரே ஒரு மாத்திரை வாங்கித் தரும்படி அந்தோனியிடம் கெஞ்சினேன்.

“டொக்டருக்குப் போன் போட்டுத் தாறேன். அவங்ககிட்ட கேளு.”

பேசினேன். அழுதேன். மாத்திரை மட்டும் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை நானே திரையை விலக்கினேன். வெளிச்சம் வெறும் வெளிச்சமாக இருந்தது.

பிறகு கொப்பி. தூக்கம், சாப்பாடு, தண்ணீர், வலி நான்கையும் தினமும் எழுதச் சொல்லியிருந்தார் மருத்துவர். ஏழாவது வாரம் அதை வாசித்த அந்தோனி நிமிர்ந்து பார்த்தார்.

“வெயில்ல நின்னு துணி தோய்ச்ச நாள்ல ஒண்ணும் வரலயே. காலையில சாப்பிடாத நாள்லதானே வந்திருக்கு.”

மூன்று வருடமாக வெயிலைக் குற்றம் சொல்லிக்கொண்டு, வெறும் வயிற்றில் பால் விடாத பிளேன்டீயோடு ஏறியிருக்கிறேன். லீவு நாளில் பத்து மணிவரை தூங்கியதும் சேர்ந்துகொண்டது.

விடிந்ததும் சாப்பிட்டேன். ஒரே நேரத்தில் படுத்து, ஒரே நேரத்தில் எழுந்தேன். தண்ணீர்ப் போத்தல் கையிலேயே இருந்தது. பிளேன்டீ இரண்டு கோப்பையோடு நின்றது. மாலையில் குளக்கட்டில் அரை மணி நேரம் நடந்தேன். இதே வலியோடு இருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்வேன்: இவற்றை மருத்துவருக்குப் பதிலாகச் செய்யாதீர்கள், அவரோடு சேர்ந்து செய்யுங்கள். என் தடுப்பு மருந்தைக்கூட அவர்தான் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்.

மாத்திரையை விட்ட ஏழாம் மாதம் குன்றில் ஏறினேன், அந்தோனியோடு. இத்தனை வருடமும் கீழே வண்டியோடு நின்ற மனிதர் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கொஞ்சம் இரு, ஸ்டெல்லா. ஒரு அஞ்சு நிமிஷம்.”

நின்றேன். எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. உச்சியில் காற்று முகத்தில் அறைந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

இப்போதும் சில மாதங்களுக்கு ஒருமுறை வலி வருகிறது. அதற்கு முன் கொட்டாவி வரும், கழுத்து இறுகும். உடம்பு எனக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறது. நான் இப்போது காது கொடுக்கிறேன்.

போன வாரம் ஒரு ஹோட்டலிலிருந்து கூப்பிட்டார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு குழு வருகிறதாம், என்னால் முடியுமா என்று கேட்டார்கள். நோயில் கிடந்த காலத்தில், நாளைக்கு வருவாயா என்று கேட்டாலும் ‘பார்ப்போம்’ என்பதுதான் என் பதில்.

“வருவேன்னு எழுதிக்கங்க,” என்றேன்.