போகிக்கு முந்தின நாள் நடையில் வைத்த பாய்

சிதம்பரத்தில் நான் ஒண்டுக்குடித்தனம் இருந்த வீட்டில், பொதுநடையில் எதையும் வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் மண்டி வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். நாங்கள் நான்கு குடித்தனக்காரர்களும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் நடையைச் சுற்றிப் பார்ப்பார். வாளி, விறகு, எது கிடந்தாலும் தன் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டிவிடுவார். வைத்தவனே நேரில் போய்க் கேட்க வேண்டும். பொருளுக்கு முன்னால் திட்டு கிடைக்கும். என் வாளியை அப்படி மூன்று முறை மீட்டிருக்கிறேன். பதிலுக்கு மனசுக்குள் நான் அவரைத் திட்டாத திட்டு இல்லை. வருஷத்தில் ஒரே ஒரு நாள், போகிக்கு முந்தின நாள் மட்டும், கொளுத்த வேண்டிய பழசை நடையில் குவிக்க விடுவார்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கடலூரில் வாத்தியார் வேலை கிடைத்தது. பொங்கல் கழிந்ததும் அசல் பட்டச் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். அது மடங்கக் கூடாதென்று ஒரு கிழிந்த கோரைப்பாய்க்குள் சுருட்டி, சணலால் கட்டியிருந்தேன். என் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான். இன்று மாமா எதையும் எடுக்கமாட்டார் என்ற தைரியத்தில் பாயை நடையில் சாய்த்துவிட்டு, அக்காவிடம் செய்தி சொல்லக் கடலூருக்குப் பஸ் ஏறினேன். ஏன் எடுக்கமாட்டார் என்பதை யோசிக்கவே இல்லை.

மறுநாள் விடியற்காலையில் அக்கா ஒரு பழைய பாயைத் தீயில் தள்ளினாள். எனக்கு உயிரே போய்விட்டது. கிடைத்த பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் வாசலில் சாம்பல். நடையில் கிடந்ததையெல்லாம் கொளுத்தியாயிற்று, பாயே இரண்டு மூன்று இருந்தது என்றார் பக்கத்துக் குடித்தனத்து அம்மாள். குச்சியால் சாம்பலைக் கிளறினேன். கருகிய கோரைதான் வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

பின்னால் மாமாவின் குரல் கேட்டது.

"சாம்பல்ல என்னா தம்பி தேடுற? ஒம் பாயி நேத்தே எங்கிட்ட வந்துடுச்சி. கொளுத்தப் போற பாய யாராச்சும் இம்மாம் முடிச்சி போட்டுக் கட்டுவாங்களா?"

பின்கட்டு அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. அவிழ்த்தேன். சான்றிதழ் ஒரு சுருக்கமும் இல்லாமல் வந்தது. உள்ளே என்ன என்று பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"அடுத்தவுங்க பொருளு அமானிதம். காப்பாத்தி வைக்கணும், பிரிக்கக் கூடாது."

பிறகு வழக்கமான திட்டு தொடங்கியது. நடை என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா என்று ஆரம்பித்து, பழைய வாளி வரைக்கும் போனார். சான்றிதழை மார்போடு பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டேன். மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோது, இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாரா என்று இருந்தது.