ஜப்பான் வேண்டாம் என்ற பெட்டிகள்

மச்சானும் நானும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டது கடைசியாக துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில், ஒரு குளிர்க்கிடங்குக்குள். மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். எனக்கு விசா எடுத்துத் துபாய்க்குக் கூட்டிவந்தவர் அவர்தான். இறைச்சி இறக்குமதி செய்யும் கம்பெனியில் அவர் கொள்முதல் மேனேஜர். நான் அவருக்குக் கீழே காகிதம் பார்க்கும் ஆள். எந்தச் சான்றிதழ் எந்தப் பெட்டிக்கு என்று ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒன்பது வருடம் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியதில்லை.

சண்டையின் ஆரம்பம் எங்களிடம் இல்லை. ஓர் ஆண்டில் அளவுக்கு மேல் அமெரிக்க மாட்டிறைச்சி வந்து இறங்கினால் ஜப்பான் சில வாரங்களுக்கு வரியை ஏற்றிவிடும். தன் நாட்டில் மாடு வளர்ப்பவர்களைக் காப்பாற்ற அப்படியொரு விதி. அப்படி ஒரு முறை ஓர் அமெரிக்க வியாபாரியின் கன்டெய்னர், வரி ஏறிய பிறகு ஜப்பானில் போய் இறங்கியது. வாங்க வேண்டியவர் எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். சரக்கு கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று தெரிந்ததும் மச்சான் உள்ளே நுழைந்தார்.

மூன்று தரப்பும் வீடியோ காலில் பேசினார்கள். குறிப்பெடுக்க நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கப்பலில் ஏற்றியதோடு தன் பொறுப்பு முடிந்தது, ஜப்பான் அரசாங்கம் வரி போட்டால் தான் என்ன செய்ய முடியும் என்றார் அமெரிக்கக்காரர். ஜப்பான்காரர் குரலை உயர்த்தவே இல்லை. வரி ஏறப்போவது தெரிந்தேதான் தாமதமாக ஏற்றினீர்கள், உங்களோடு இனிமேல் வியாபாரம் இல்லை என்றார். அமெரிக்கக்காரர் சிரித்தார். ஜப்பான்காரரின் திரை அணைந்துபோனது.

மச்சான் மைக்கை மூடிவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "பாத்தியா மாப்ள, அவனுங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கட்டும். சரக்கு நமக்கு."

"ஹலால் சர்டிபிகேட் இருக்கா மச்சான்?"

"ஜப்பானுக்குப் போன சரக்குல எவன் ஹலால் பாப்பான்? ஃப்ரீ ஸோன்ல வச்சு அப்படியே வேற நாட்டுக்குத் தள்ளிவிட்டுருவோம். இந்த ஊருக்குள்ள எறக்க மாட்டோம்."

அதில் சட்டத்துக்குப் புறம்பானது ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டேன்.

கன்டெய்னர் வந்தது. அதை வாங்க வேண்டிய வேறு நாட்டு ஆள்தான் வரவில்லை. பெட்டிகள் எங்கள் கிடங்கிலேயே கிடந்தன. ஒருநாள் காலை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெரம்பலூர்க்காரர் என் மேசைக்கு வந்தார். "பாய், ஜப்பான் எழுத்து போட்ட பெட்டி மேல என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்காங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதா?"

தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஃபைலோடு அவர் பின்னால் உள்ளே போனேன். நான்கு பேர் ஜப்பானிய எழுத்துகளை மறைத்து வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஹலால் முத்திரை. கீழே இருந்த சான்றிதழ் எண் எனக்கு மனப்பாடம். அதே அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து முந்தைய மாதம் முறைப்படி வந்த வேறொரு கன்டெய்னரின் எண். தொழிற்சாலை ஒன்று, அறுத்த நாள் வேறு, அறுத்த முறை வேறு.

"பாய், ரோக்கோ. கலாஸ்," என்று இந்தியும் அரபியும் கலந்து நிறுத்தச் சொன்னேன். நால்வரும் கையை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மச்சான் வந்தார். ஜாக்கெட் கூடப் போடவில்லை.

"யாருட்ட கேட்டு நிப்பாட்டுன?"

"இது ஹலால் இல்ல மச்சான்."

"எனக்குப் பாடம் எடுக்குறியா? அதே ஃபேக்டரி, அதே மாடு. தேதி மட்டுந்தான் வேற. ஓட்டல்காரன் நாளைக்கு வண்டி அனுப்புறான். பேப்பர்ல கையெழுத்தப் போடு."

"போட மாட்டேன்."

அவர் என் தகப்பனாரின் சாவை இழுத்தார். "உன் வாப்பா மவுத்தானப்ப உன்னைய ஊருக்கு அனுப்பி வச்சது யாரு?"

"நீங்கதான். அதுக்காக ஹராம ஹலால்னு எழுதித் தரணுமா?"

என் கையிலிருந்த ஃபைலைத் தட்டிவிட்டார். காகிதங்கள் உறைந்த தரையில் சிதறின. "நீ இங்க நிக்கிறதே என் தயவுலதான்டா," என்றார். அதுவரை என்னை அவர் 'டா' போட்டதில்லை.

பயம் வரவில்லை. அவரை அறைய வேண்டும் போலிருந்தது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மார்க்கம் மட்டுமே என்னைத் தடுத்து நிறுத்தவில்லை. ஒன்பது வருடத்தில் முதன்முறையாக அவருக்கு என்னிடம் ஒன்று தேவைப்பட்டது; அதைக் கொடுக்காமல் நிற்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

ஸ்டிக்கர்களைப் படம் எடுத்துக்கொண்டு நேரே அர்பாபின் அறைக்குப் போனேன். கம்பெனி முதலாளியான அந்த அரபி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "ஹராம்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். போனை எடுத்தார். அன்று மாலைக்குள் ஸ்டிக்கர்கள் அத்தனையும் கிழிக்கப்பட்டன. அடுத்த வாரம் அந்தப் பெட்டிகள் அவற்றை அப்படியே ஏற்கும் ஒரு நாட்டுக்குக் கப்பல் ஏறின.

மச்சானுக்கு வேலை போகும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அர்பாப் அவரைத் திட்டியதாகச் சொன்னார்கள். அவ்வளவுதான். அவரைப்போல் சரக்குப் பிடிக்க வேறு ஆள் கம்பெனியில் இல்லை. மாற்றல் வந்தது எனக்கு. தூரத்துப் புஜைரா துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் அனுப்பும் சின்னக் கிடங்குக்கு. கடிதத்தில் மச்சானின் கையெழுத்து இருந்தது.

ராத்தா ஊரிலிருந்து போன் செய்தது. "அவருட்ட தனியா சொல்லிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் ராத்தா. கேக்கல."

"அரபிட்ட போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட உனக்குத் தோணலல்ல. என் புருஷன் சோறு போச்சுன்னா என் புள்ளைங்க என்ன செய்யும்னு நெனச்சியா?"

நினைக்கவில்லை. ராத்தா போனை வைத்துவிட்டது.

மறுவருடம் ராத்தா மகளின் நிக்காஹ்வுக்கு லீவ் எடுத்து ஊருக்குப் போனேன். உம்மா கெஞ்சியதால்தான் போனேன். நான்கு பேர் சகன் எனும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. விஷயம் தெரியாத ஒருவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்த சகனில் எனக்கு எதிரே மச்சான். ஸலாம் சொன்னேன். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சோற்றில் வைத்த கையை எடுத்தார். எழுந்து கை கழுவப் போனார். மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் பக்கத்துச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.