பச்சைக் கான்வாஸ் சீட்

பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகம் உள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோலக் காக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் நூற்றைம்பத்தோராவது பிரிவு. வாகனப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு வாழ்ந்தவள் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். பத்து வயதில் தெரிந்திருந்தால் பெரம்பலூர் மெக்கானிக்கிடமும் சொல்லியிருப்பேன். அவர் கேட்டிருக்க மாட்டார்.

மோட்டார் சைக்கிள் எங்களுடையது அல்ல, மாமாவுடையது. அம்மாவின் தம்பி. ராணுவத்தில் இருந்தார். மீன்சுருட்டியில் அவர் வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லை. அதனால் லீவு முடிந்து போகும்போது குரும்பலூரில் எங்கள் வீட்டில் விட்டுப்போனார். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் கழித்து அணைத்துவிட வேண்டும். அப்பாவிடம் அவர் கேட்டது அவ்வளவுதான். ஆரம்பப் பள்ளி ஆசிரியரான அப்பா முதல் மாதம் அப்படியே செய்தார். இரண்டாம் மாதம் தெருமுனை வரை போய்வந்தார். மூன்றாம் மாதம் பெரம்பலூருக்குப் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டார். நான்காம் மாதம் வண்டி இரும ஆரம்பித்தது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒர்க் ஷாப்பில் அதை ட்யூனிங்குக்கு விட்டோம். இரண்டே நாள் என்றார் மெக்கானிக். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பாவும் நானும் பஸ்ஸில் போய், பஸ்ஸில் திரும்பினோம்.

"வாங்க வாத்தியாரே. வண்டி ரெடி. ஒரே ஒரு சாமான் திருச்சியிலேருந்து வரணும்."

"போன வாரமும் அதத்தானே சொன்னீங்க?"

"அது வேற சாமானுங்க. அது வந்துருச்சு. மாட்டிட்டேன்."

"எங்க வண்டியிலயா?"

"இல்லீங்க, ஒருத்தருக்கு அவசரம். மறுநா கல்யாணம். ஒங்க வண்டி சும்மாதானே நிக்குது?"

அந்தக் கடையின் நிர்வாக முறையே அதுதான். அவசரக்காரனுக்குத் தேவையானதைப் பொறுமைசாலியின் வண்டியிலிருந்து கழற்றி மாட்டுவது. அப்பா அந்த ஊரிலேயே பொறுமையான மனிதர். எனவே வாரத்துக்கு வாரம் மாமாவின் வண்டி இளைத்துக்கொண்டே வந்தது. முதலில் கார்புரேட்டர் போனது. அடுத்து முன்விளக்கு. ஒரு சனிக்கிழமை, பச்சைக் கான்வாஸ் உறை போட்ட சீட்டும் இல்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அதை நான்தான் பார்த்தேன். உறை கிழிந்த இடத்தில் அம்மா நீல நூலால் போட்ட தையல், டீக்கடை முன்னால் வந்து நின்ற ஒரு வண்டியில் இருந்தது. "அப்பா, நம்ம சீட்!" என்று கத்திவிட்டேன். அப்பா தயங்கித் தயங்கிப் போய் அந்த ஆளிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஒங்களுதா? நான் என்னங்க பண்றது? எஞ் சீட்டு அரியலூர்ல எவன் வண்டியிலயோ ஓடிக்கிட்டு இருக்கு. அது வரட்டும், ஒங்களுத கொடுத்துடறேன்."

அப்பா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி, "அம்மாகிட்ட சொல்லிடாத பாப்பா. தீவாளிக்கு மாமா வர்றதுக்குள்ள சரியாயிடும்" என்றார். அவர் கை என் கையைப் பிடித்திருந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா வருவார், எலும்பாக நிற்கும் வண்டியைப் பார்ப்பார், அப்பாவை எல்லோர் முன்னாலும் திட்டுவார், அம்மா யார் பக்கம் நிற்பாள்? இது ஒன்றுதான் மனதில் ஓடியது. நம்மையும் மீறி ஒரு தப்பு நடந்துவிட்டால் நாமே முந்திக்கொண்டு எழுத்துமூலம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வகுப்பில் அப்பாவே சொல்லித்தந்திருந்தார். ஓர் இன்லண்ட் லெட்டரில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று முறையாக எழுதினேன். கழற்றப்பட்ட சாமான்களை வரிசை எண் போட்டுக் கொடுத்தேன். "அப்பாவைத் திட்ட வேண்டாம், என்னைத் திட்டவும்" என்று முடித்தேன். மாமாவின் பழைய கடிதத்திலிருந்து முகவரியைப் பார்த்தெழுதி, யாருக்கும் தெரியாமல் பெட்டியில் போட்டேன். உள்ளே அது விழுந்த சத்தம் கேட்டதும் பயம் இரட்டிப்பானது. இப்போது அப்பாவைக் காட்டிக்கொடுத்தவளும் நான்தான்.

தினமும் தபால்காரருக்காக வாசலில் நின்றேன். அவர் பக்கத்து வீட்டோடு திரும்பிவிடுவார். தீபாவளி வந்தது, மாமா வரவில்லை. "லீவு கெடச்சிருக்காது" என்றார் அப்பா. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா மட்டும், "ஒரு வரி எழுதிப் போடக்கூடாதா இவன்?" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒருநாள் என் பெயருக்கே ஒரு கவர் வந்தது. வடக்கே ஏதோ ஒரு ராணுவ ஆஸ்பத்திரியின் முத்திரை. மாமாவின் எழுத்து இல்லை, மாமா சொல்லச் சொல்ல யாரோ எழுதிய குண்டு குண்டான எழுத்து. பயப்படாதே, அப்பாவை யாரும் திட்டப்போவதில்லை, வண்டியை இனி அப்பாவே வைத்துக்கொள்ளட்டும், கையில் கொஞ்சம் அடி, மோட்டார் சைக்கிள் எல்லாம் எனக்கு இனி ஆகாது என்றிருந்தது. கூடவே பெயர் மாற்றக் காகிதம் ஒன்று.

வண்டி எங்களுக்கு! நான் தெருவெல்லாம் கத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அப்பா வகுப்பு நடுவில் கடிதத்தை வாங்கிப் படித்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மறுபடி படித்தார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கடிதத்தைப் படிக்கவில்லை. பெயர் மாற்றக் காகிதத்தின் அடியைத்தான் பார்த்தாள். அங்கே கையெழுத்துக்குப் பதில், ஓர் இடது பெருவிரல் ரேகை இருந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இவ்வளவு நல்ல செய்திக்கு இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. எனக்கோ வேறு கவலை. என் வாழ்நாளில் நான் எழுப்பிய முதல் நடைமுறைக் கேள்வியை அப்போதுதான் கேட்டேன்: "மாமாவுக்குத்தான் நல்லா எழுதத் தெரியுமே, ஏம்ப்பா கைநாட்டு வெச்சிருக்காங்க? ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?"

அப்பா என் வலது கையை எடுத்து, எழுதும் விரல்களைத் தன் கைக்குள் மூடி வைத்துக்கொண்டார்.