இடது காதில் ஒரு மெஷின்

வலது காதில் ஒரு பெண், குழந்தைகள் வார்டைக் கேட்கிறாள். பதற்றத்தில் பாதி வார்த்தை மூச்சாகவே வருகிறது. இடது காதில் மெஷின் கடகடவென்று எழுத்துக்களை ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அக்காவின் விரல்கள் அதற்குள் ஒரு சொல்லைத் தட்டி, இடக்காதில் விழுந்த மூன்று இலக்கத்தைத் தொலைபேசியில் அழுத்தி முடித்துவிட்டன.

"தர்றேம்மா. சிஸ்டர் எடுப்பாங்க. முதல்ல புள்ள பேரைச் சொல்லுங்க, அப்புறமா அழுங்க."

அறுநூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரி அது. கீழ்த்தளத்தில், லிஃப்ட் இரைச்சலுக்குப் பக்கத்து அறையில், இருபத்தாறு வருஷமாக அவர் இந்த வேலையைச் செய்கிறார். வயது ஐம்பத்திரண்டு. ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் கண் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கதையை யாராவது கேட்டால், "போன கண்ணப் பத்தி என்ன பேச்சு, வந்த வேலையச் சொல்லுங்க" என்பார்.

அவருடைய நாற்காலியை யாரும் அரை அடி நகர்த்தக் கூடாது. துடைக்க வருகிறவர்களிடம் தினமும் இதற்காக ஒரு சண்டை உண்டு. "அங்க இருக்கு" என்று யாராவது சொல்லிவிட்டாலும் போயிற்று. "அங்கன்னா எங்க? உங்க அங்க வேற, என் அங்க வேற. இடப்பக்கம், ரெண்டு முழம்னு சொல்லுங்க." எதிர்முனையில் மூச்சை இழுத்த விதத்திலேயே எந்த டாக்டர், எந்த மனநிலை என்று சொல்லிவிடுவார். எலும்பு டாக்டருக்கு மட்டும் அவர் முந்திக்கொண்டு பேச மாட்டார். "அவரு கோவமா இருந்தாலும் சந்தோஷமா இருந்தாலும் ஒரே மூச்சு. ஏமாந்துருவோம்."

போன வருஷம் புதிய நிர்வாக அதிகாரி வந்தார். அவரோடு ஒரு புதிய மென்பொருளும் வந்தது. திரையில் கட்டடத்தின் படம் விரியும். மாடியைத் தொட்டால் வார்டு, வார்டைத் தொட்டால் அன்றைக்கு அங்கே யார் பணியில் இருக்கிறார் என்ற பட்டியல், எண். மௌஸை நகர்த்தி அமுக்கினால் முடிந்தது. பக்கத்து மேசைகளின் இரண்டு ஆபரேட்டர்களும் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார்கள். படம் பேசாது என்பதால் அக்காவுக்கு மட்டும் அதில் ஒன்றுமே இல்லை.

அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார். "நீங்க ரிட்டயராக இன்னும் ஆறு வருஷம்தான். ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன். நிம்மதியா உக்காந்திருங்க. சம்பளம் நிக்காது."

"சும்மா உக்கார வேற ஆளப் பாருங்க சார். எனக்கு இடுப்பு வலிக்கும்."

"நான் உங்க நல்லதுக்குத்தான்…"

"தெரியுது சார். மூணு மாசம் குடுங்க."

மூன்று மாதத்தில் என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

வழி காட்டியவர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களையும் வயர்களையும் பார்த்துக்கொள்ளும் கேபிள்காரர். எந்த நேரமும் ஏணியில் நிற்கும் மனிதர். ஏணியில் இருந்தபடியே சொன்னார்: "ஸ்டோர்ல பழைய மெஷின் ஒண்ணு கெடக்குக்கா. அதுல படமே கிடையாது. எல்லாம் எழுத்துதான். கட்டளைய நீங்க தட்டணும், பதில அது எழுத்தாக் குடுக்கும். அத வாய்விட்டுப் படிக்க வைக்கலாம். ஆனா கஷ்டம். எனக்கே பாதிதான் தெரியும்."

"பாதி போதும். மீதிய நான் பாத்துக்கறேன்."

முதல் வாரம் மெஷின் அவரை மதிக்கவே இல்லை. மரியாதையாக முழு வாக்கியம் தட்டிப் பார்த்தார். "அப்படி ஒரு கட்டளை கிடையாது" என்றது. சுருக்கமாகத் தட்டினார். கிடையாது. ஒரு பெரிய எழுத்து தவறி விழுந்ததற்கும் கிடையாது. ஒரு நாளில் நாற்பது 'கிடையாது' எண்ணினார். "பெரிய எழுத்து வேற ஆளாம், சின்ன எழுத்து வேற ஆளாம்" என்று வீட்டில் பொரிந்து தள்ளினார். "வர்றவன் போறவன் எல்லாம் கிடையாது கிடையாதுன்னான். இப்ப இதுவும் சேந்துக்கிச்சு."

அவர் கணவர் பேக்கரியில் அடுப்புப் பக்கம் வேலை பார்ப்பவர். விடியுமுன் போய் மதியம் திரும்புவார். கேபிள்காரர் அச்சடித்துத் தந்த எண்பது பக்கப் பாடத்தை அக்கா வீடு வந்ததும் உரக்கப் படித்துக் காட்டுவது கணவரின் வேலையாயிற்று. ஆங்கிலம் அவருக்கு எழுத்துக்கூட்டும் அளவுக்குத்தான். பக்க எண்ணைக்கூட விடாமல் படிப்பார். குறிகள் வந்தால் திணறுவார்.

"இப்ப ஒரு கோடு வருது."

"என்ன கோடு?"

"கோடுதான். நின்ன கோடு."

அப்படித்தான் அந்த வீட்டில் நின்ன கோடு, சாஞ்ச கோடு, படுத்த கோடு என்று மூன்று கோடுகள் பிறந்தன. அக்கா இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். கேபிள்காரரும் இப்போது அப்படியே சொல்கிறார். "ஒரு பக்கம் படிச்சா ஒரு மூட்டை மாவு பிசைஞ்ச மாதிரி இருக்கு" என்று கணவர் அலுத்துக்கொண்டாரே தவிர, ஒரு நாளும் படிக்காமல் விட்டதில்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு கட்டளை பிடிபட்டது. மூன்றே எழுத்து. அதைத் தட்டினால், இந்த நிமிஷம் நாம் மெஷினுக்குள் கோப்புகள் இருக்கும் எந்த அறையில் நிற்கிறோம் என்று, தலைவாசலில் தொடங்கி வரிசையாகச் சொல்லும். அக்கா அதைத் தட்டினார். கேட்டார். இன்னொரு அறைக்குள் போய் மறுபடி தட்டினார். அன்றைக்கு முழுக்க, அழைப்புக்கும் அழைப்புக்கும் நடுவே அதையே தட்டிக்கொண்டிருந்தார்.

"நான் எங்க நிக்கறேன்னு கேட்டா, 'இங்கதான்'னு இழுக்காம பதில் சொல்ற முதல் ஆளு இதுதான்" என்றார் கணவரிடம்.

அதன் பிறகு வேகம் வந்துவிட்டது. அறைகள் அமைத்தார். கோப்புகள் வைத்தார். ஆஸ்பத்திரியின் எல்லா உள் எண்களையும், வார்டு, ஆள், மாடி என்று வரி வரியாகத் தட்டி ஏற்றினார். அறுநூற்று நாற்பது வரி. தினமும் காலையில் அன்றைய பணிப் பட்டியலும் அதே அறைக்கு வந்து சேருமாறு கேபிள்காரர் ஏற்பாடு செய்து தந்தார். பெயரில் பாதியைத் தட்டினால் போதும், அந்தப் பாதி உள்ள வரியை மட்டும் மெஷின் பொறுக்கி எடுத்துக் காதில் போடும்.

பதினோராவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அத்தனையும் போயிற்று.

வேண்டாத பழைய பிரதிகளை அழிக்கப் போனார். நட்சத்திரக் குறி என்றால் 'பெயர் எதுவானாலும்' என்று பொருள். நட்சத்திரத்தை ஒட்டினாற்போல, பழைய பிரதிகளின் பெயர்க் கடைசியில் 'பழசு' என்று தான் சேர்த்திருந்த வால்பெயரைத் தட்டியிருக்க வேண்டும். நடுவில் கட்டைவிரல் ஒரு இடைவெளியைத் தட்டிவிட்டது. இடைவெளியை மெஷின் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லாவற்றையும் அழி, அப்புறம் பழசு என்பதையும் அழி என்று மெஷின் புரிந்துகொண்டது. அழித்தது. பிறகு, "பழசு என்று ஒரு கோப்பு இல்லையே" என்றது. அக்கா குழம்பிப்போய்ப் பட்டியல் கேட்டார். இடது காதில் ஒரு சத்தமும் இல்லை.

கேபிள்காரர் ஏணியை விட்டு இறங்கி ஓடிவந்தார். தட்டிப் பார்த்தார். "இதுல குப்பைத்தொட்டி கிடையாதுக்கா. போனா போனதுதான். பிரதி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கணும் நான்."

அக்கா இன்னொரு முறை பட்டியல் கேட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நிஜமா அழிக்கவான்னு அது ஒரு வார்த்தை கேக்கலையே?"

"கேக்காதுக்கா. சொல்றவங்களுக்குத் தெரியும்னு அது பாட்டுக்கு நம்பிடும்."

அக்கா படி இறங்கினால் உங்களால் முடியுமா என்பார்கள். வெந்நீர் ஊற்றினால் முடியுமா என்பார்கள். பஸ் ஏறினால், கையெழுத்துப் போட்டால், பிள்ளை பெற்றுக்கொள்கிறேன் என்றால்கூட ஒருமுறைக்கு இருமுறை கேட்டவர்கள் உண்டு. கேட்காமல் நம்பியது இந்த ஒன்றுதான். அதன் விலை அறுநூற்று நாற்பது வரி. அக்காவின் முகத்தில் அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த கேபிள்காரருக்குக் கிடைத்தது ஒரு கேள்வி.

"இடைவெளியையும் வாய்விட்டுச் சொல்ல வைக்க முடியுமா?"

"முடியும்."

"வைங்க. நான் மறுபடி அடிக்கறேன்."

"எதப் பாத்துக்கா அடிப்பீங்க?"

"எதையும் பாத்தா முதல் தடவ அடிச்சேன்?"

மூன்று நாளில் ஏற்றி முடித்தார். இருபத்தாறு வருஷம் மனதில் கிடந்த எண்கள். ஒன்றைக்கூட யாரிடமும் கேட்கவில்லை. இந்த முறை பன்னிரண்டு வரி கூடுதலாக வந்தது. முன்பு விட்டுப்போனவை.

கெடு முடிந்த அன்று அதிகாரி ஒரு தேர்வு வைத்தார். அடையாளம் தெரியாத குரல்களில் இருபது அழைப்பு. கையில் ஸ்டாப் வாட்ச்.

"வைங்க சார்" என்றார் அக்கா. "மூணு பேருக்கும் வைங்க."

"அவங்களுக்கு எதுக்கு?"

"எனக்கு எதுக்கோ அதுக்குத்தான்."

மற்ற இரண்டு ஆபரேட்டர்களும் அக்காவை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்கள். அது அவருக்குத் தெரியாமலில்லை. நாற்காலிகள் கிறீச்சிட்டதே சொல்லிவிட்டது. ஆனாலும் இறங்கி வரவில்லை. அரை மணி நேரத்தில் தேர்வு முடிந்தது. அக்கா இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்த இளம்பெண்ணைவிட நாற்பது விநாடி கூடுதல். மூன்றாவது ஆபரேட்டரைவிட இரண்டு நிமிஷம் குறைவு. ஒரு அழைப்பைத் தவறான வார்டுக்கு அனுப்பியிருந்தார். அதை முதலில் சொன்னவரும் அவரேதான்.

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு தப்பு இருக்கு."

"இருக்கு சார். ரெண்டாவதா வந்தவள சீட்ட விட்டு எழுப்பி விடறீங்கன்னா, மூணாவதா வந்தவங்கள என்ன பண்ணுவீங்க?"

அதிகாரி தாளை மேசைமேல் வைத்தார்.

"அவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். யாரையும் எழுப்ப வேணாம்."

மூன்றாவது ஆபரேட்டர் மூக்கை உறிஞ்சினார். சிரிப்பா அழுகையா என்று அக்காவால்கூடப் பிரிக்க முடியவில்லை.

ஆர்டர் ஒரு வாரம் கழித்து வந்தது. கேபிள்காரர் படித்துக் காட்டினார். தற்காலிகமாக, மறு உத்தரவு வரும்வரை, கண்காணிப்புக்கு உட்பட்டு அதே இருக்கையில் பணி. 'தற்காலிகமாக' என்ற இடத்தில் அவர் குரல் தாழ்ந்தது. "உரக்கவே படிங்க" என்றார் அக்கா. "எல்லாருமே தற்காலிகந்தான்."

கண்காணிப்பு என்பது என்னவென்று மறுநாள் காலையில் தெரிந்தது. ஒரு ஊழியர் பெரிய திரை ஒன்றைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். அதுவரை அந்த மெஷினுக்குத் திரையே கிடையாது. அதன் முகம், எதிரே உள்ள அதிகாரியின் கண்ணாடி அறையைப் பார்த்திருக்கும்படி திருப்பி, வயரைச் சொருகினார். அக்கா தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அந்தப் பக்கம் தெரியும்.

"இது யாருக்கு?" என்றார் அக்கா.

"பாக்கறதுக்கு மேடம்."

"யாரு பாக்கறதுக்கு?"

"கண்ணாடி ரூம்ல சார் மேடம். அந்தப் பக்கமாத் திருப்பி வைக்கச் சொன்னாரு."

"அந்த ரெண்டு மேசையிலயும் இப்படித் திருப்பி வச்சிருக்கா?"

"இல்ல மேடம்."

அக்கா இடது காதுக் கருவியைக் கழற்றவில்லை. ஒரு கையால் திரையின் முதுகைத் தடவி வயரைக் கண்டுபிடித்தார். விரல் நுனியால் அதன் வழியே போய், மெஷினில் சொருகிய இடத்தைத் தொட்டார். இரண்டு பக்கத்துத் திருகையும் நிதானமாகக் கழற்றி, பிடுங்கினார். வயரை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையே ஒரே சீராகச் சுற்றி முடிச்சிட்டார். பிறகு அதை, கண்ணாடி அறைக்கு நேர் எதிரே, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தார், யாராவது வந்து வாங்கிக்கொண்டு போகும்வரை.