வாய்க்காலுக்குப் போகும் தண்ணீர்

காகித ஆலையின் முன்வாசலில் நின்று பார்த்தால் அப்படி ஓர் ஆள் இருப்பதே தெரியாது. கூழ் கரைக்கும் கூடம், காகிதம் ஓடும் நீள மிஷின், நோட்டுப் புத்தகம் தைக்கும் பெண்களின் வரிசை எல்லாம் தாண்டி, மதில் முடியும் மூலையில் அவருடைய தொட்டிகள் இருந்தன. ஆலையின் அழுக்குத் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். சேறு அடியில் தங்கும். மிச்ச அழுக்கை, காற்று ஊதி வளர்க்கும் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். பிறகு தெளிந்த தண்ணீர் கடைசித் தொட்டி வழியாக வாய்க்காலுக்குப் போகும். அந்தத் தொட்டியில் மீன் விட்டிருந்தார்கள், பார்க்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் நல்லதென்று காட்ட. அதனால் அவருக்கு மீன்காரர் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில் யாராவது, இன்றைக்குக் குழம்பு உண்டா என்று கேட்பார்கள். அவர் சிரிப்பார். பல நாட்களில் அவரிடம் மனிதர்கள் பேசியது அவ்வளவுதான்.

வீட்டிலும் அதே கதை. பிள்ளைகள் இல்லை. மனைவி காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கூடப்பிறந்தவர் ஒரே அண்ணன். ஆலைக்குக் கீழே, அதே வாய்க்கால் கரையில், காய்கறித் தோட்டம் வைத்திருந்தார். கூப்பிடு தூரம்தான். கூப்பிடத்தான் வாயில்லை.

முன்பு ஆலையில் மரக்கூழைக் குளோரின் போட்டு வெளுத்தார்கள். தம்பிக்கு அந்தப் பிரிவில்தான் வேலை. கறுத்த தண்ணீர் அப்படியே வாய்க்காலில் போனது. அண்ணனின் தக்காளிச் செடிகள் காயோடு கருகின. அண்ணன் ஆலைக்கு வந்து நியாயம் கேட்டபோது, எங்கள் தண்ணீரில் கோளாறே இல்லை என்று நிர்வாகம் சாதித்தது. எதிரே நின்ற தம்பி தரையைப் பார்த்தார். வாயைத் திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் அண்ணன் போவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவர் திறக்கவில்லை. அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்தினார். சொந்தக் கிணறு வெட்டிக்கொண்டார். தம்பி மனைவியின் சாவுக்கு வந்தார், ஓரமாக நின்றார், முகம் பார்க்காமல் போனார்.

பின்னால் ஆலை கைமாறியது. புதிதாக வந்தவர்கள் குளோரினைத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய காகிதத்தைக் கரைத்தே நோட்டும் கவரும் செய்யத் தொடங்கினார்கள். தொட்டிகள் கட்டியபோது, நாற்றத்துக்குப் பயந்து யாரும் போக விரும்பாத அந்த மூலையை அவர் கேட்டு வாங்கினார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கோடையில் அண்ணனின் கிணறு வற்றியது. ஒரு காலையில் அண்ணி ஆலைக்கு வந்தார். தம்பி அவரைத் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனார்.

"உங்கண்ணன் அனுப்பலை தம்பி. நானாத்தான் வந்தேன். செடியெல்லாம் தலை சாஞ்சு கிடக்கு. வாய்க்கால் தண்ணியைப் பாய்ச்சலாமா? நீங்க சொன்னா நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்."

இத்தனை வருஷமாக அவர் காத்திருந்த கேள்வி அது. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அண்ணி தொட்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மீனெல்லாம் மேல வந்து எப்படி விளையாடுது பாருங்க."

அவரும் பார்த்தார்.

"விளையாடலை அண்ணி. மூச்சு முட்டுது. இன்னைக்கு வேண்டாம். சரியானதும் நானே வந்து சொல்றேன்."

அண்ணியின் முகம் வாடிப்போயிற்று. வந்த வழியே திரும்பிப் போனார்.

முந்தைய ஷிப்டில் மிஷினைக் கழுவியவர்கள் காரமான மருந்தைத் தாராளமாக ஊற்றியிருந்தார்கள். அது தொட்டிக்கு வந்து நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டது; அழுக்கு அப்படியே மீன் தொட்டிவரை வந்திருந்தது. அவர் வாய்க்கால் வால்வை இறுக மூடினார். தண்ணீர் போக வழியில்லாவிட்டால் ஆலை ஓடாது. மேனேஜர் ஓடிவந்தார். பள்ளிக்கூட நோட்டுகள் பாதியில் நிற்கின்றன, ஒருநாள் இந்தத் தண்ணீரை விட்டால் என்ன குடிமுழுகிப்போகும் என்று முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார். வால்வின் மேல் கை வைத்தபடியே அவர் சொன்னார்:

"கீழே எங்கண்ணன் தோட்டம் இருக்கு சார்."

மேனேஜர் அவரையே பார்த்தார். பிறகு போய் மிஷினை நிறுத்தச் சொன்னார்.

புது நுண்ணுயிர் விட்டு, அது பெருகித் தண்ணீர் தெளியும்வரை ஆலை மூடிக்கிடந்தது. வேலையில்லாமல் வீட்டுக்குப் போனவர்களுக்கு அவர்மேல் கோபம். திரும்பி வந்த பிறகு யாரும் குழம்பைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து பெஞ்சு காலியானது.

தண்ணீர் சரியான அன்று அவர் தோட்டத்துக்கு நடந்தார். பாதிச் செடிகள் காய்ந்திருந்தன. அண்ணன் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இப்பப் பாய்ச்சலாம்."

அண்ணன் செடிகளைப் பார்த்துக்கொண்டே, "வேண்டாம்னு உன் வாயால சொன்னியாமே," என்றார். "அன்னைக்கும் சொல்லியிருக்கலாமேடா."

அண்ணன் எழுந்துபோய் மண்வெட்டியால் மடையை வெட்டிவிட்டார். தண்ணீர் பாத்திக்குள் ஓடியது. இருவரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். வீட்டுக்குள் வா என்று அண்ணன் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தம்பி திரும்பி நடந்தார்.

மிச்சச் செடிகள் பிழைத்தன. அதன் பிறகு, தண்ணீர் பாய்ச்சும் காலைகளில் அவருடைய போன் அடிக்கும்.

"தண்ணி எப்படி?"

"நல்லாயிருக்குண்ணே. விடலாம்."

உடனே அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார். சாப்பிட்டாயா, உடம்பு எப்படியிருக்கிறது என்றெல்லாம் அண்ணன் கேட்டதில்லை. இவரும் கேட்கத் துணியவில்லை. ஆனால் விடுமுறை நாளிலும் பொழுது விடிந்ததும் ஆலைக்குப் போய், ஆளில்லாத அந்த மூலையில் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.