ஐஸ்பெட்டிக்குள் வைத்த பேட்டரி

எங்கள் பாய் வள்ளத்தில் விளக்குக்கும் ஜி.பி.எஸ்ஸுக்கும் சோலார் பேனல் பொருத்தினோம். உப்புத்தண்ணீர் பட்டால் எந்தச் சாமானும் உருப்படாது என்பது கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். அதனால் என் மச்சான் பேட்டரியைப் பழைய ஐஸ்பெட்டிக்குள் இறக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி இறுக்கினான். பகல் முழுக்க வள்ளம் மணலில் கிடக்க, சார்ஜ் ஏறியது.

மாலையில், கடலில் இறக்குவதற்கு முன் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற என் மனைவி வந்தாள்.

"என்னவோ அழுகுன முட்டை மாதிரி நாறுதே" என்றாள்.

"ஏட்டி, மீன் கெடந்த பெட்டியில்லா? பின்ன மணக்கவா செய்யும்?" என்று அவள் அண்ணனான என் மச்சான் சிரித்தான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அவள் அந்தப் பெட்டி மேலேயே மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு மாதா கோயில் பக்கம் திரும்பினாள். வெடி போட்டதுபோல் சத்தம். மூடி பறந்தது. பேட்டரி உடைந்து ஆசிட் அவள்மேல் தெறித்தது.

"மாதாவே, எரியுதே!"

அவளை இழுத்துக்கொண்டு ஓடி அலைக்குள் முக்கினேன். முகத்தை நிமிர்த்திப் பார்க்கவே பயமாக இருந்தது. கழுத்தில் மட்டும் இரண்டு கொப்புளம்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும், அளவுக்கு மீறி ஏறினால் அந்த முட்டை நாற்றமும் வரும் என்று பிறகு மெக்கானிக் சொன்னார். இப்போது பேட்டரி காற்றோட்டமான மரக்கூண்டில் இருக்கிறது; பேனலுக்கும் அதற்கும் நடுவில், சார்ஜ் அளவு மீறாமல் தடுக்கும் கண்ட்ரோலர் உண்டு. மெழுகுவர்த்தி மணலில்தான். அவள் நாறுகிறது என்றால் யாரும் சிரிப்பதில்லை.

வெடித்ததற்கு மறுநாள், அவள் அப்போது கட்டியிருந்த பருத்திச் சேலையைத் துவைத்தபோது முந்தானை பொத்துப்போய்க் கிடந்தது. அவள் அதைப் பழையபடி முக்காடு போட்டுக் காட்டினாள். ஓட்டைகள் எல்லாம் அவள் கண்ணோரத்தில் இருந்தன.