கழுத்தில் ஏறிய பூந்தோட்டம்

பங்குனி பிறந்தால் நமுனுகுல மலைப்பக்கம் மழை விட்டுப்போகும். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கான பீலிக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கும். குடத்தோடு குடம் முட்டிச் சண்டை வரும். இந்தக் காலத்துக்கு எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணி வைத்திருந்த பெயர் வசந்தம். சீமையில் அப்படித்தானாம், இங்கே வந்த பிறகும் மாற்றிக்கொள்ள மனமில்லை.

நான் பங்களாவில் பூந்தோட்டம் பார்த்தவன். சீமை விதையில் ஒரு கொடி முளைத்தது. பார்த்தால் பட்டாணிக் கொடிதான். சமைக்க ஒரு பட்டாணி தேறாது. அதற்குக் குதிரை லத்தி சுமந்தேன், குச்சி நட்டேன், வெயிலுக்குப் பந்தல் போட்டேன். என் மகனுக்கு இவ்வளவு செய்திருந்தால் கணக்கப்பிள்ளை ஆகியிருப்பான்.

அந்த வருடம் பங்களாக்களுக்குள் பூந்தோட்டப் போட்டி வைத்தார்கள். பதுளையிலிருந்து ஒரு பெரிய துரை வந்து பார்த்துப் பரிசு சொல்வார். பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணியிடம் தோற்றால் என்னை மலையில் மண்வெட்டி வேலைக்கு அனுப்பிவிடுவதாக எங்கள் துரைசாணி சொல்லிவிட்டார். என் முதுகோ ஏற்கெனவே பழுது. ஆகவே நானும் வசந்தத்தை நம்பத் தொடங்கினேன். கொடியெல்லாம் பூத்துக் குலுங்கியது. டேலியா ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு.

பெரிய துரை வரும் காலையில் குதிரைக் கொட்டகைக்குப் போய்த் திரும்பினேன். பாத்தியில் வெறும் தண்டுகள் நின்றன. வாசலில் தப்பு மேளச் சத்தம் கேட்டு ஓடினேன். அங்கே எங்கள் ஆட்களுக்கெல்லாம் மேலான பெரிய கங்காணி, தொடைப் பருமனில் ஒரு மாலையோடு நின்றார்.

"என்னங்க கங்காணி, தொரை பாக்க வர்றதே இந்தப் பூவைத்தானுங்களே" என்றேன்.

"பெரிய மனுசன் வெறுங்கழுத்தோட உள்ள வரலாமா? செடியிலயே விட்டா அது யாருக்குடா மரியாதை?"

பூ என்றால் சாமிக்கு, கொண்டைக்கு, கழுத்துக்கு. நின்று பார்த்து மார்க் போடுவதற்கென்று எங்களில் யார் வளர்த்தார்கள்?

மாலை விழுந்ததும் பெரிய துரைக்கு மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. மனிதருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். மொட்டைப் பாத்திகளைச் சுற்றி வந்து, வேலி நேர்த்தியாக இருப்பதாகப் பாராட்டினார். துரைசாணி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு முதுகு வலித்தது.

சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துக் குதிரைக்காரன் சேதி கொண்டுவந்தான். முதல் பரிசு அவர்கள் துரைசாணிக்கு. பரிசைச் சொன்ன கையோடு, இந்த ஊர் முறைப்படி மரியாதை செய்வதாகச் சொல்லி, பெரிய துரை தம் மாலையைக் கழற்றி அந்த அம்மாள் கழுத்தில் போட்டாராம். அவள் புருஷனும் பக்கத்தில் நின்று கைதட்டினாராம்.

மறுநாள் விடியலில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் மண்வெட்டியோடு நின்றேன். கங்காணி வந்து என் முதுகில் தட்டினார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியாடா, கெலிச்ச அம்மா கழுத்துலயும் நம்ம மாலைதான்."